காலைக் கட்டத்தில் இரண்டு மாத்திரை

அத்தியாயம் 14

அந்த வீட்டில் மேஸ்திரிக்குத் தெரியாமல் ஒரு தீக்குச்சி குறையாது. அது தெரிந்திருந்தும் குருவி இப்படி ஒரு விஷயத்தை ஒன்பது நாள் மூடி வைத்தாள் என்றால், எவ்வளவு பயந்து போயிருக்க வேண்டும்!

மேஸ்திரி என்றதும் மீசை வைத்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பத்தேழு வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட பெண். பெரிய குடோன் ஒன்றில் பார்சல் கட்டும் பிரிவுக்கு மேற்பார்வை. அங்கே முப்பது பேரை மேய்ப்பது போதாதென்று வீட்டுக்கு வந்து தம்பியையும் தம்பி மனைவியையும் மேய்க்கிறவள். பட்டப்பெயர் வைத்தவன் அந்தத் தம்பிதான். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறாள். ஆளும் சின்னது, குரலும் சின்னது, அதனால் குருவி.

போன வருஷம் குருவியின் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். கத்தி வைத்துச் சுரப்பியை முழுசாக எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு கொண்ட அயோடின் மாத்திரை கொடுத்து நாலு நாள் தனி அறையில் வைத்தார்கள். "ஒரு வருஷத்துக்குக் குழந்தை வேண்டாம். பீரியட்ஸ் கொஞ்ச நாள் முன்னபின்ன ஆகும், வராமலும் இருக்கும். பயப்படாதீங்க, தானா சரியாயிடும்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். சொன்னபடியே மூன்று மாதம் வரவில்லை. நாலாவது மாதம் வந்தது. அப்புறம் தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தது. கண்டம் தாண்டியாச்சு என்று மூன்று பேரும் மூச்சு விட்டார்கள்.

டாக்டரம்மா போட்ட ஒரு வருஷக் கெடு முடிகிற நேரம் பார்த்துத்தான் மறுபடி கோளாறு. இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை. கர்ப்பமோ என்று வீட்டிலேயே சோதித்துப் பார்த்தாள், அதுவும் இல்லை என்றது. பிறகு ஒரு நாள் வந்தது. வந்தது போகவில்லை.

குளியலறை அலமாரியில் இருந்த நாப்கின் பாக்கெட்டுகளை வைத்துத்தான் மேஸ்திரி பிடித்தாள். மூன்று மாதத்துக்கு ஆகும் என்று அவள் கணக்குப் போட்டு வாங்கி அடுக்கிய சரக்கு ஒன்பது நாளில் காலி.

"எத்தனை நாளா?" என்று கேட்டதற்குக் குருவி விரல்களைக் காட்டினாள். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா, ரிசல்ட் வரட்டும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுத்து, கழுத்துக்கும் வயிற்றுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இன்றைக்கு வியாழன், பன்னிரண்டாம் நாள். மத்தியானம் மூன்று மணிக்கு முடிவு தெரியும்.

மேஸ்திரி ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தாள். புற்றுநோய் திரும்பி வந்துவிட்டதா, இல்லையா? இந்த ஒரு கேள்விதான். ஆனாலும் காலை ஆறரைக்கு வழக்கம்போல மாத்திரை டப்பாவும் தண்ணீருமாகக் குருவியின் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எந்திரி. வாயைத் திற."

"நானே போட்டுக்கறேன்கா."

"நீ போட்டுக்கிட்ட லட்சணந்தான் தெரியுமே. மத்தியான மாத்திரை எத்தனை நாள் அப்படியே கிடந்துச்சு?"

உண்மைதான். மூன்று மாதத்துக்கு முன்பு வரை மத்தியான மாத்திரையைக் குருவி கடையில் மறந்து மறந்து திரும்பக் கொண்டுவருவாள். அதைப் பார்க்கச் சகியாமல் மேஸ்திரி பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ஞாயிறு தோறும் ஏழு நாளைக்குமான மாத்திரையைக் கட்டம் கட்டமாக நிரப்பி வைத்துவிடுவாள். அன்றிலிருந்து ஒரு மாத்திரை தவறியதில்லை. அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

குருவி இரண்டு மாத்திரையையும் விழுங்கிவிட்டு மறுபடி போர்வைக்குள் சுருண்டாள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இவளுக்கு மட்டும் குளிர். முகம் உப்பியிருந்தது.

"என்ன, காலங்காத்தாலயே ரெண்டு பேரும் குசுகுசு?" என்று தம்பி எட்டிப் பார்த்தான். தோளில் கருவிப்பை தொங்கியது.

"பொம்பளைங்க பேச்சு. உனக்கு என்ன? லிஃப்ட் எங்கயாவது மாட்டிக்கிட்டு நிக்கப் போகுது, கிளம்பு."

"இவ ஏன் ஸ்வெட்டரோட தூங்கறா?"

"அவளுக்குப் பிடிச்சிருக்கு, போட்டுக்கறா. நீ போடா."

அவன் போகிற வழியில் திரும்பி ஒரு தடவை மனைவியைப் பார்த்துவிட்டுப் போனான்.

மேஸ்திரி குடோனுக்குப் போய் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தபோது ஆபீஸில் இருந்தவர் தேதியை இரண்டு தடவை படித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அரை நாள் போட்டது மூன்றே தடவை. மூன்றும் போன வருஷம், மூன்றும் குருவிக்காக.

இரண்டு மணிக்குக் கடைக்குப் போனாள். முன்னால் கண்ணாடிப் பெட்டிகளில் பிரேம்கள். பின்னால் தட்டி வைத்து மறைத்த சின்ன இடத்தில் குருவியின் மேஜை. தேய்க்கிற சக்கரத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. குருவி ஒரு லென்ஸை எந்தக் கோணத்தில் பொருத்துவது என்று அதில் மூன்று புள்ளி குறித்தாள், துடைத்தாள், கருவிக்குள் வைத்துப் பார்த்தாள், மறுபடி குறித்தாள். கண் மூடிக்கொண்டே வேலை செய்கிறவள் என்று ஊரில் பெயர் வாங்கியவள் அவள். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரே லென்ஸை நாலு தடவை குறித்தாள்.

"நேரமாச்சு" என்றாள் மேஸ்திரி, குரலைத் தணித்து.

"கோணம் மட்டும் சரி பாத்துடறேன்கா. பார்த்தது மறந்து போகுது."

ஆஸ்பத்திரியில் இவர்கள் நம்பர் பதினெட்டு. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஓடாத கடிகாரம். குருவி கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினேழாம் நம்பர் உள்ளே போனதும் மேஸ்திரியின் பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, திரும்பி வந்திருந்தா அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும். என்னால முடியாது."

"வாயை மூடு."

"மூடறேன். சொல்வீங்கல்ல?"

மேஸ்திரி குருவியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

டாக்டரம்மா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்படிப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டு சீட்டாடினால் கோடீஸ்வரி ஆகியிருப்பார் என்று அந்த நேரத்திலும் மேஸ்திரிக்குத் தோன்றியது.

"முதல்ல நல்ல சேதி" என்றார். "கழுத்து ஸ்கேன் சுத்தமா இருக்கு. ரத்தத்துலயும் புற்றுநோய்க்கான அடையாளம் எதுவும் இல்ல. கர்ப்பப்பை, சினைப்பை ரெண்டும் நல்லா இருக்கு. நீங்க பயந்தது வரல."

குருவி தலையாட்டினாள். கேட்டது உள்ளே இறங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"வரலையா?" என்று கேட்டது மேஸ்திரிதான். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"வரலம்மா. ஆனா டி.எஸ்.எச்.னு ஒரு தைராய்டு டெஸ்ட், அது ஏறி எங்கயோ போய் நிக்குது. போன தடவை எவ்வளவு அழகா கட்டுக்குள்ள இருந்துச்சு! உடம்புக்குத் தைராய்டு மருந்து போய்ச் சேரவே இல்லைன்னு அர்த்தம். குளிர், தூக்கம், மறதி, முகவீக்கம், எல்லாம் இதாலதான். பீரியட்ஸ் ரெண்டு மாசம் நின்னதும், இப்ப நிக்காம போறதும் இதேதான். மாத்திரையை விட்டுட்டீங்களா?"

"ஒரு நாள் விட்டதில்ல" என்றாள் மேஸ்திரி நிமிர்ந்து. "என் கையாலதான் குடுக்கறேன்."

"எப்போ?"

"காலையில ஆறரை. வெறும் வயிறு."

"நல்லது. அப்புறம் எப்போ சாப்பாடு?"

"ஒரு மணி நேரம் கழிச்சு."

"அதுவும் சரி." டாக்டரம்மா பேனாவால் மேஜையைத் தட்டினார். "ஆபரேஷனுக்கு அப்புறம் கால்சியம் எழுதினேனே, பெரிய மாத்திரை. அது எப்போ?"

மேஸ்திரிக்கு டப்பாவை முதன்முதலாக நிரப்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே கண் முன்னால் வந்தது. காலைக் கட்டத்தில் குட்டி வெள்ளை மாத்திரை ஒன்று, மத்தியானக் கட்டத்தில் பெரிய மாத்திரை ஒன்று. ஒரே விலாசத்துக்கு இரண்டு பார்சல் தனித்தனியாகப் போகக் கூடாது என்பது குடோனில் அவள் போட்ட சட்டம். சேர்த்துக் கட்டு, ஒரே நடையில் அனுப்பு. மத்தியான மாத்திரையை எடுத்துக் காலைக் கட்டத்தில் போட்டாள். மருந்துக் கடைக்காரர் நேரம் எழுதி ஒட்டியிருந்த அட்டைப் பெட்டிகளை, இடத்தை அடைக்கிறது என்று மடக்கிக் குப்பையில் போட்டாள். அலமாரி அன்றைக்குப் பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது!

"நான்தான் டாக்டர்" என்றது குருவியின் சின்னக் குரல். "மத்தியானம் மறந்து போகுதுன்னு காலையிலயே ரெண்டையும் சேத்துப் போட்டுக்கிட்டேன். மூணு மாசமா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அட கடவுளே! கால்சியம் பக்கத்துல இருந்தா தைராய்டு மருந்தை உடம்பு எடுத்துக்காதும்மா. அது பிடிச்சு வெச்சுக்கும். நாலு மணி நேரமாவது தள்ளிப் போடணும்னு எழுதிக்கூட குடுத்தேனே!"

"மறந்துட்டேன்."

"படிச்ச பொண்ணு நீங்க!"

குடோனில் தப்பான பார்சல் போனால் யார் கட்டியதோ அவர் சிவப்புச் சீட்டில் 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் கொண்டுவந்ததும் மேஸ்திரிதான். அழுகிற பிள்ளைகளைக்கூட அவள் விட்டதில்லை. அவள் பெயரில் மட்டும் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சீட்டு கிடையாது. அப்பேர்ப்பட்டவள் இப்போது சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா சீட்டு எழுதினார். தைராய்டு மாத்திரை காலையில் தண்ணீரோடு, தனியாக. கால்சியம் மத்தியானம். ரத்தம் குறைந்திருப்பதால் இரும்புச்சத்து மாத்திரை ராத்திரி; அதுவும் தைராய்டு மாத்திரையின் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. ரத்தப்போக்கை நிறுத்த அஞ்சு நாளைக்கு ஒரு மாத்திரை. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம்.

"ரெண்டு மூணு மாசத்துல பீரியட்ஸ் பழையபடி வந்துடும். அளவும் சரியாகட்டும். அப்புறம் வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று முதல் தடவையாகச் சிரித்தார். "குழந்தை விஷயம் பேசலாம். அந்த ஒரு வருஷக் கெடுதான் முடிஞ்சாச்சே!"

வெளியே வந்து படியில் கால் வைத்ததும்தான் குருவிக்குச் சேதி உள்ளே இறங்கியது போலிருக்கிறது. அப்படியே நின்றாள். "வரலையாம்கா" என்றாள். "அது வரலையாம்." பிறகு பக்கத்து ரொட்டிக் கடையைப் பார்த்து, "பசிக்குதுக்கா" என்றாள். மூன்று மாதத்தில் அவள் பசிக்கிறது என்று சொன்னது அதுதான் முதல்.

இரண்டு பன் வாங்கினார்கள். குருவி தன்னுடையதைத் தின்றுவிட்டு மேஸ்திரியின் கையில் இருந்ததையும் வாங்கித் தின்றாள். மேஸ்திரிக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சந்தோஷம் இல்லாமல் இல்லை. தெருவில் நின்று கத்தலாம் போல இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்தைத் தொடும்போதெல்லாம் அடியில் இருக்கிற முள் குத்தியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இவள் மூன்று மாதம் தினமும் காலையில் தண்ணீரும் கையுமாக நின்று அந்தக் குரங்கை வளர்த்திருக்கிறாள்.

"குருவி, அந்த டப்பா..."

"விடுங்கக்கா. பஸ் வருது."

சாயங்காலம் தம்பி வந்தபோது குருவியே எல்லாவற்றையும் சொன்னாள். பன்னிரண்டு நாளையும், ஸ்கேனையும், முடிவையும், மாத்திரையைத் தானே சேர்த்துப் போட்டதாக டாக்டரிடம் சொன்ன அதே கதையையும். முடிவை முதலில் சொல்லியிருக்க வேண்டும். அவள் வரிசைப்படி சொன்னதால் பாவம் அவன் நடுவிலேயே கருவிப்பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒண்ணும் இல்லையா?" என்றான்.

"ஒண்ணும் இல்ல."

"நெசமாவா?"

"ஸ்கேன் இதோ, நீங்களே பாருங்க."

அவன் ஸ்கேனைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். அதில் அவனுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு!" என்று எழுந்தான். எழுந்ததும் குரல் வந்தது. குரல் வந்ததும் கோபமும் வந்தது.

"ஏம்மா, உனக்கு அறிவு இருக்கா? ரெண்டு மாத்திரை. அதைத் தள்ளித் தள்ளிப் போடத் தெரியாதா? எங்க அக்கா கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உன்னைப் பாத்துக்குது. எல்லாத்தையும் மீறி நீ இப்படிப் பண்ணியிருக்க. அக்கா மட்டும் கண்டுபிடிக்கலைன்னா என்னாகியிருக்கும்? அக்காவுக்குக் கோயில் கட்டணும்!"

குருவி தலையைக் குனிந்துகொண்டு ஸ்வெட்டர் பொத்தானைத் திருகினாள். மேஸ்திரி சமையல் மேடையில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கோயில் என்ற வார்த்தையில் முட்டை ஓட்டோடு பாத்திரத்துக்குள் விழுந்தது.

"நிறுத்துடா" என்றாள். "சேத்துப் போட்டது அவ இல்ல."

"பின்ன?"

"நான்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"மத்தியானக் கட்டத்துல இருந்ததை எடுத்துக் காலையில போட்டது நான். ஒட்டியிருந்த சீட்டைப் படிக்காம பெட்டியத் தூக்கிப் போட்டது நான். அவ அப்பவே ஒரு தடவை, 'இது தனியா போடணும்ல'ன்னு கேட்டா. 'எனக்குத் தெரியாதா'ன்னு நான்தான் வாயை அடைச்சேன். இன்னிக்கு டாக்டர்கிட்ட அவ பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டா. நான் வாயில கொழுக்கட்டையாட்டம் உக்காந்திருந்தேன்."

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. மேஸ்திரி அடுப்பை அணைத்தாள்.

"மூணு மாசம்" என்றான் தம்பி கடைசியில். அக்காவிடம் அவன் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை, அதுதான் கொடுமை. "மூணு மாசமா அவ போர்வைக்குள்ளயே கிடந்தா. நோய்தான் திரும்ப வந்துடுச்சுன்னு நான் தினமும் லிஃப்ட்டு மேல உக்காந்து அழுதிருக்கேன், தெரியுமா உனக்கு? உங்க ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாதுன்னு."

அவனும் பயந்திருக்கிறான்! மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு பேருக்கும் தெரியக் கூடாதென்று நடித்திருக்கிறார்கள். மேஸ்திரி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"தப்புத்தாண்டா. இனிமே அந்த டப்பாவை நான் தொடல."

"இதுக்குத்தான்!" என்று குருவி வெடித்தாள். குருவி வெடித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. "இதுக்குத்தான் டாக்டர்கிட்ட நான் சொன்னேன். உண்மையைச் சொன்னா இனிமே தொட மாட்டேன்னு ஒதுங்கிடுவீங்கன்னு தெரியும். எனக்கு அம்மா இல்ல. காலையில தண்ணி எடுத்துக்கிட்டு வந்து 'வாயைத் திற'ன்னு அதட்ட வேற யாரு இருக்கா? தப்பு பண்ணீங்க. ஆமா, பண்ணீங்க. எனக்குக் கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். வழியெல்லாம் கோபந்தான். ரெண்டு பன்னும் கோபத்துலதான் தின்னேன். அதுக்காக விட்டுட்டுப் போயிடுவீங்களா?"

சொல்லிவிட்டு அழுதாள். சின்னக் குரலில் இல்லை. தெருவுக்குக் கேட்கிற மாதிரி அழுதாள். ஒரு வருஷத்துக்குமான அழுகை. கத்தி வைத்தபோது அழவில்லை, தனி அறையில் அழவில்லை. பிழைத்துக்கொண்டோம் என்று தெரிந்த பிறகு அழுதாள். மேஸ்திரி எழுந்து போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மன்னிச்சுக்கோ என்று அந்தத் தலைமுடியிடம் சொன்னாள். அப்படியொரு வார்த்தை அவள் வாயிலிருந்து வருவதைக் கேட்டுத் தம்பியும் மூக்கை உறிஞ்சினான்.

"சரி, முட்டையில ஓடு கிடக்கு. யாரு பொறுக்கறது?" என்று கொஞ்ச நேரம் கழித்து அவன்தான் கேட்டான்.

அவனே பொறுக்கினான். மூன்று பேரும் ஓடு நறநறக்கும் முட்டையைத் தின்றார்கள். அவன் ஆறு வாரத்தைச் சுவரில் இருந்த காலண்டரில் எண்ணிப் பார்த்து ஒரு தேதியை வட்டம் போட்டான். பிறகு சும்மா இன்னும் இரண்டு வட்டம் போட்டான். விசிலடித்துக்கொண்டே குளிக்கப் போனான். ரொம்ப மோசமான விசில். ஆனால் அந்த வீட்டில் அதைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. மேஸ்திரி தட்டுகளைக் கழுவிக்கொண்டே அதைக் கடைசி வரை கேட்டாள். மலைபோல வந்தது பனிபோல விலகிவிட்டது. இனி ராத்திரி தூங்கலாம்.

குருவி துணியால் தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

"அக்கா, இன்னொண்ணு இருக்கு."

"இன்னும் என்னடி?"

"சனிக்கிழமையோட கடையை விட்டு நிக்கறேன்னு முதலாளிகிட்ட எழுதிக் குடுத்துட்டேன்."

மேஸ்திரியின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. "எப்போ?"

"ஆறாவது நாள்."

"ஏன்?"

"கோணம் மாத்தி வெட்டி ரெண்டு ஜோடி லென்ஸை வீணாக்கிட்டேன். ஒருத்தர் அதைப் போட்டுக்கிட்டுப் படியில தடுமாறிட்டாராம். அதோட..." குருவி தட்டை அடுக்கில் வைத்தாள். "இருக்கவே போறதில்லன்னு நினைச்சிட்டேன்கா. திடீர்னு நின்னுபோனா முதலாளி ஆளுக்கு எங்க போவார்? அதான், முன்னாடியே சொல்லிட்டா நல்லதுன்னு. அவரும் ஒரு பொண்ணைப் பாத்துட்டார். நாளைக்குக் காலையில வரா. என் மேஜையிலதான் உக்காரப் போறா."

ஆறாவது நாள். அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தோம் என்று மேஸ்திரி நினைத்துப் பார்த்தாள். படுக்கை விரிப்பை மடிக்காமல் போட்டதற்குக் குருவியைத் திட்டிய நாள் அது. திட்டு வாங்கிக்கொண்டு விரிப்பை மடித்து வைத்துவிட்டு, கடைக்குப் போய், தான் இல்லாமல் போனால் யாருக்கும் இடைஞ்சல் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

எட்டு வருஷமாக உட்கார்ந்த மேஜை. அதை விட்டுக் கொடுக்கவா? 'நாளைக்கு எட்டு மணிக்கு நான் வர்றேன், அந்த ஆளை ஒரு கை பாக்கறேன், நீ பேசாம நில்லு' என்ற வார்த்தைகள் அப்படியே வரிசையாகப் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன. மேஸ்திரி வாயைத் திறந்தாள். மூடினாள். கையை ஈரத்தோடு புடவையில் துடைத்தாள்.

"நாளைக்கு நானும் கூட வரட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள். "நீ சொல்றபடி."

குருவி திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷத்தில் அவளிடம் யாரும், அதிலும் இந்த மனுஷி, எதையும் இப்படிக் கேட்டதில்லை. ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு யோசித்தாள்.

"வாங்க" என்றாள். "ஆனா வாசல்லயே நின்னுக்கணும். உள்ள போய்ப் பேசறது நான்."